மச்சான் நட்ட தேக்கு

நேற்று கல்முனையில் ஒரு தளபாடக் கடைக்கு என் மூத்தவள் ராத்தாவோடு போயிருந்தேன். அவள் மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கதவு எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஏது! கடைக்காரர் ஒரு தேக்கம் பலகையை இழைத்துக் காட்டினார். வாசம் எழும்பியதும் ராத்தா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வயிறு எரிந்தது.

தேக்கு வாசத்துக்கு வயிறெரிகிற ஆட்களைக் கண்டிருக்கிறீர்களா? கேளுங்கள்.

இறக்காமத்தில் ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, என் மச்சானுக்கு, வயல் இருந்தது. அதற்கு அப்பால் காடு. ஒழுங்கு முறை இல்லாத காடு. கிழட்டுப் பாலை மரம், பக்கத்தில் இளசான வீரை, கீழே முட்பற்றையும் கொடியும் புல்லும். பாலைப்பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நான் வாய் மூடியிருப்பது அப்போது மட்டும்தான் என்று மச்சான் என்னைக் கேலி செய்வார். யானைக்கும் அங்கேயே வயிறு நிறைந்தது. எப்போதாவது வயலுக்கு வரும், கத்தினால் போய்விடும்.

பிறகு காட்டிலாகாக் கந்தோர்க்காரர்கள் வந்தார்கள். உதவாத காடு என்றார்கள். வெட்டி எரித்துவிட்டு ஊராருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தேக்கங்கன்று நட்டு வளர்த்துக் கொடுத்தால் இடையில் சோளம் போடலாம், மரம் நிழல் கட்டியதும் வெளியேற வேண்டும். சும்மா வருகிற நிலம்! மச்சான் முதல் ஆளாக ஓடினார்.

"இஞ்ச பாருங்க, பெத்த புள்ளையக்கூட இப்பிடிப் பாக்கல்லியே நீங்க" என்று ராத்தா சண்டைக்குக் கொழுவுவாள்.

"வளரட்டும்கா. நம்மட கைபட்ட மரந்தானே" என்பார் மச்சான்.

வளர்ந்தது. எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்ற மாதிரி. ஊராரை அனுப்பிவிட்டு அடிக்காட்டைத் துப்புரவாக வழித்தார்கள். பாலை முளைத்தாலும் களை என்று வெட்டினார்கள். பசித்த யானை எங்கே போகும்? வயலுக்குத்தான் வந்தது. கத்தினாலும் போகவில்லை.

நெல் பழுத்துக் கிடந்த ஒரு மஃரிப் நேரம், பொழுது இருட்டுகையில், மச்சான் பந்தம் கொளுத்திக்கொண்டு விரட்டப் போனார். யானை அவர் பக்கமே திரும்பிவிட்டது. தேக்குக்குள் ஓடியிருக்கிறார். பழைய காடென்றால் ஏதாவது பற்றைக்குள் பூந்திருப்பார். இங்கே ஒளிய என்ன இருந்தது? அவர் நட்ட மரத்தடியில்தான் மிதிபட்டுக் கிடந்த மையித்தை எடுத்தோம். யா அல்லாஹ், நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அசல் சாமான். நம்மட இறக்காமத்துத் தேக்கு, ஏலத்தில எடுத்த" என்றார் கடைக்காரர், பாவம், ஒன்றும் அறியாமல்.

ராத்தா பலகையை ஒருமுறை தடவினாள். "வேணா தம்பி. தகரக் கதவு போடுவம்."

வெட்டிய இடத்தில் மறுபடியும் தேக்கே நட்டிருக்கிறார்களாம். பாலை இல்லை, பற்றை இல்லை, மச்சானும் இல்லை. யானை மட்டும் இன்னும் வருகிறது.