கரிமூட்டத்துக் கிடா

கடலாடிக்குக் கிழக்கே ஒரு கரிமூட்டத்தில் ஏழு மாதம் வேலை பார்த்தேன். அவ்வளவு நாள் ஒரே இடத்தில் நான் தங்கியதற்குக் காரணம் ஒரு வெள்ளாட்டுக் கிடா. சொல்லிக்கொள்ளும்படி வேறு காரணம் இல்லை.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பார்த்த நாளிலிருந்து அட்டைக்கரியாக இருந்தது. கரித்தூள் குவியலில்தான் படுக்கும். என் பீடிக்கட்டைக் காகிதத்தோடு தின்னும். நான் ஒதுங்கப் போனாலும் பின்னாலேயே வரும். ராமேஸ்வரத்தில் லாட்ஜிலும் தேவிபட்டினத்தில் படகிலும் வேலை பார்த்திருக்கிறேன். என்னைக் காணோம் என்று அங்கெல்லாம் தேடியது முதலாளி மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடாவைக் காணவில்லை. தேடிப் போகவும் வழியில்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்து மூன்றாம் நாள். மண்ணில் வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். ஒரு மணி நேரம் மூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை பார்த்த அக்காவிடம் கேட்டேன்.

"நீ போனா திரும்பி வரமாட்டலே. கிடாவாவது வரும்" என்றாள்.

விறகு கொண்டுவந்த டிராக்டர்காரரிடம், "கறுப்புக் கிடாண்ணே, பொட்டு வெள்ளை கிடையாது. வழியில பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர்ல இன்னைக்குச் சாமி கும்பிடு. கருங்கிடா கெடைக்காம அலைஞ்சாக. காலையில ஒண்ணு தானா வந்து நின்னுச்சாம். சாமியே அனுப்பிருச்சுன்னு பேசிக்கிறாக."

மண்வெட்டியை அக்கா காலடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பத்தடி போவதற்குள் மூட்டம் வெடித்துப் புகை பீறியது. திரும்பி வந்து மண் பூசினேன். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வெடித்தது. உச்சிவெயில் தாண்டிவிட்டது. இந்நேரம் குழம்பாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பூசினேன். அந்தச் சாமியை நான் திட்டியதை எழுத முடியாது.

அப்போது கழுத்தில் மாலையோடு ஒரு செவலைக் கிடா வந்தது. இருந்த எரிச்சலில் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது வேலிக்குச்சியில் தொங்கிய என் சட்டையிடம் நேராகப் போய், பையிலிருந்து பீடிக்கட்டை உருவி, காகிதத்தோடு தின்றது.

எறிய எடுத்திருந்த அடுத்த கட்டியைக் கீழே போட்டேன்.

பின்னாலேயே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்தார். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு.

"ஒரு கொடம் ஊத்துனோம், ஒலுப்புச்சு. பூசாரி வேட்டி பூராம் கரி. பாத்தா செவலை நிக்கிது. கருங்கிடா நேர்ந்த சாமிக்கு இத எப்படி வெட்டுறது? ஏலே, வளக்குற கிடாவக் கழுவி வைக்க மாட்டீகளா?"

"நாங்களே குளிக்கிறதில்லண்ணே" என்றாள் அக்கா.

மாலையைத் திருப்பிக் கேட்டார். அதில் பாதி கிடாவின் வாயில் இருந்தது. அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம், கருங்கிடா தேடவேண்டும் என்று புலம்பிக்கொண்டே கிளம்பினார்.

"செவலை கேக்குற சாமி இந்தப் பக்கம் எதுவும் இருக்காண்ணே?"

"முனி ஒண்ணு இருக்கு. மாசியிலதான் கும்பிடு."

அந்த அடுத்த வெள்ளி முடியும்வரை, லாரியில் வரும் குடிதண்ணீரில் தினம் ஒரு குடம் ஊற்றிக் கிடாவைக் கழுவினேன். மாசி பிறந்ததும் கரிக்குவியலில் படுக்க விட்டுவிட்டேன்.