பேஸ் கிட்டாரில் அடித்த ஷாக்

அஞ்சாம் கிளாஸ்தான் படித்தவள். எழுத்து சரியாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் இறந்தபிறகு எங்கள் சர்ச் சபையில் அவருடைய பேஸ் கிட்டாரை நான்தான் வாசிக்கிறேன். வாசிக்கிற எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். அதனால் ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டியில் பிளக் உடைந்து, எர்த் ஒயரை விட்டுவிட்டு மற்ற ரெண்டையும் சுவரிலிருக்கிற பிளக் ஓட்டையில் தீக்குச்சி வைத்துச் சொருகியிருந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற ஜெபாவிடம் மாற்றச்சொல்லி எத்தனையோ தடவை சொன்னேன்.

"ஊழியத்துக்கு வந்த எடத்துல குறை சொல்லப்பிடாது பெரியம்மே" என்பான்.

அறுப்பின் பண்டிகையன்று கோயில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. உள்ளே செருப்பு போட மாட்டோமே, வெறுங்காலோடு கிட்டார் கம்பியைத் தொட்டதும் பெட்டியிலிருந்து கசிந்த கரண்டு அடித்து கை விறைத்துவிட்டது. எடுக்க முடியவில்லை. டிரம்ஸ் அடிக்கிற மேரி பார்த்துவிட்டாள்.

"ஏலே ஜெபா, சுவிட்ச அணைல!"

அவனோ பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டினான். மேரியே ஓடிப்போய் அணைத்தாள்.

"பாட்டு பாதியில நின்னுட்டே பெரியம்மே" என்றான் ஜெபா.

"பரவாயில்ல மக்கா, மீதிய என் அடக்கத்துக்கு வாசி" என்றேன்.

இப்போது ஒயர்மேனை வைத்து மூணு பின் பிளக் மாட்டியாச்சு. அதைப் பார்க்காமல் கிட்டாரைத் தொட மாட்டேன், யார் முகம் சுளித்தாலும் சரி. காலுக்கு ரப்பர் பாயும் போட்டுக்கொள்கிறேன். இதெல்லாம் போதுமா, ஒயர் விஷயம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று கரண்டு வேலை தெரிந்த வாசகர் யாராவது பார்த்துச் சொல்லவும்.