சாம்பல் நிறம் ஆகாது

தொண்ணூறுகளின் கடைசியில், ஊரப்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு மாடியில் வேலை பார்த்தேன். முதலாளி, நான், இரண்டு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கம்பெனி. திருவிடந்தைப் பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த ஓட்டலுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் என்னை நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். புதுப்பட்டினத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் மேற்கொண்டு பேச்சு என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஓட்டல்காரருக்குப் பொத்தான்கள் பளபளவென்று இருக்க வேண்டும். விண்டோஸ் தரும் பொத்தானில் அந்த அழகு ஏது? சப்கிளாஸ் செய்தேன். அதாவது, அழுத்தினால் நடக்கிற வேலையைப் பொத்தானிடமே விட்டுவிட்டு, திரையில் வரையச் சொல்லி அதற்கு வரும் செய்தியை மட்டும் நடுவில் மறித்து நானே வரைவது. முனை மழுங்கிய மஞ்சள் பொத்தான்கள். பார்த்துப் பார்த்து வரைந்ததில் எனக்கே அவற்றின் மேல் ஆசை வந்துவிட்டது.

அறை எண்ணைக் கொடுக்கும்வரை பில் பொத்தான் வேலை செய்யாது. அது தெரியட்டும் என்று அதுவரை சாம்பல் நிறத்தில் காட்டினேன்.

"இன்னாபா இது, எழவு வூடு மாதிரி கீது?" என்றார் முதலாளி. "தொறக்கப் போற ஓட்டலுக்கு சாம்பல் ஆவாது. எல்லாத்தயும் மஞ்சளாக்கு."

"சார், அப்ப எது வேல செய்யும், எது செய்யாதுன்னே தெரியாது சார்."

"சொன்னத செய்யி."

செய்தேன்.

திறப்பு விழாவன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். முதல் பில்லைத் தன் கையால் போட ஆசைப்பட்ட ஓட்டல்காரர், அறை எண்ணைக் கொடுக்காமல் நேரே பில் பொத்தானை அழுத்தினார். அது மஞ்சளாகச் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தது. மறுபடி மறுபடி அழுத்தினார்.

"மொத போணியே பேஜாராப் பூட்சே" என்றார், முகம் சுண்டிப்போய்.

முதலாளி அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். "வேல தெரியாதவன வெச்சிகினு நான் படற பாடு!"

நிரந்தரத்தை நினைத்துக்கொண்டு, அறை எண்ணை நானே தட்டி முதல் பில்லை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சாம்பல் நிறத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டுவிட்டு நிரந்தரம் பற்றிக் கேட்டேன். "மொதல்ல வேலய கத்துக்கோ. அப்பால பாக்கலாம்."

அடுத்த வருடம், அதே மென்பொருளை வாங்க வந்த இன்னொருவருக்கு முதலாளியே செய்து காட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பாத்தீங்களா? வேல செய்யாத பட்டன் சாம்பலா கீது. ஆருக்கும் கொழப்பம் வராது. என் ஐடியாதான்."

புதுப்பட்டினத்துப் பெண்ணுக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது.