இடியப்ப மாவும் ரைல்ஸ் சாந்தும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வோபர்ன் பகுதியில் வாங்கிய வீட்டில் எங்களுக்கு முன் இருந்தவர்கள் சமைத்ததே இல்லை என்று நினைக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் ஊதாப் பூப்போட்ட தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் முதலாவது மீன்பொரியலோடு அந்தப் பூக்கள் எல்லாம் மஞ்சள் பூக்களாக மாறின. பிறகு ஆவி பட்டுப் பட்டுத் தாள் மேலிருந்து கழன்று வரத் தொடங்கியது. ஒருநாள் நான் பருப்புக் கடைந்துகொண்டு நிற்க, ஒரு முழப் பூக்கள் சட்டிக்குள் குனிந்து எட்டிப் பார்த்தன.

என் கணவர் நல்ல மனிதர். ஆனால் ஓர் ஆணி அடித்து அறியாதவர். வரவேற்பறையில் பல்ப் எரிந்துபோனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவார். அவருக்கு வாய்தான் முதலீடு. கலியாண வீடு, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு எதுவென்றாலும் ஒலிவாங்கியை அவரிடம்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளையை ஒருதரம்கூடக் காணாமலேயே அவருடைய குணநலன்களைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவர். அதற்கான கழுத்துப்பட்டிகள் மட்டும் அலுமாரியில் ஒரு தட்டு நிறையத் தொங்கின.

எனக்குப் பிடித்த பைத்தியம் வேறு. நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் இருந்து இலக்கங்களைப் பதிகிற வேலை செய்தேன். சனிக்கிழமை மதியங்களில் உடுப்பு மடித்துக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்து பழைய வீடுகளைத் திருத்துவார். அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்கு விளங்கும். ஆனால் கை செய்வதைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். ஒருநாள் அவர் ஒரு கதவின் பிணைச்சலைச் சரிசெய்து காட்டினார். நான் எழும்பிப் போய், வாங்கிய நாளிலிருந்து மூட மறுத்த எங்கள் சமையலறை அலுமாரிக் கதவின் திருகாணியைப் பட்டர் பூசும் கத்தியால் இறுக்கினேன். கதவு சத்தமில்லாமல் மூடியது. திறந்து பார்த்தேன். திரும்பவும் மூடியது. உடுப்பு மடிக்கிற வேலையை மறந்து நான் அந்தக் கதவோடு விளையாடிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் சேலைக் கடைக்குப் போவதுபோல நான் ஆணி, மரம், பெயின்ற் விற்கும் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன். கடைக்காரப் பையன்கள் என்னிடம் பேசும்போது, பின்னால் எங்கேயோ என் புருஷன் வருகிறார் என்ற எண்ணத்தில் என் தோளுக்கு மேலாகவே பார்ப்பார்கள். நான் சுவரில் பதிக்கிற ரைல்ஸ்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் துளைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி வந்தபோதுதான் கணவர் வாயைத் திறந்தார்.

"உமக்கென்ன, விசர் கிசர் பிடிச்சிட்டுதோ? ஆரும் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்?"

"சுவரிலை ஓட்டை போடுறன் எண்டு நினைப்பினம்" என்றேன்.

அந்த வசந்தகாலத்தில் பூத்தாளை முழுவதும் உரித்து எறிந்துவிட்டு, அடுப்புக்குப் பின்னால் வெள்ளை ரைல்ஸ் பதித்தேன். ஓரத்தில் மட்டும் ஒரு நீல வரிசை. வேலை நடந்த நாட்களில் கணவர் கடைக் கொத்துரொட்டி வாங்கி வந்தார். முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்த அன்று சுவரைத் தட்டிப் பார்த்து, "ஸ்ரோங்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள் வந்தது. கணவரின் அக்காவும் அத்தானும் மில்லிக்கனிலிருந்து வந்திருந்தார்கள். நான் மச்சாள் என்று கூப்பிடும் அந்த அக்கா நேரே சமையலறைக்குத்தான் வருவா. வந்தவ சுவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா.

"தம்பி! இஞ்சை வா. உது ஆர் செய்தது?"

கணவர் வாய்க்குள் ஒரு ரோல்ஸோடு வந்து நின்றார். நான் அடுத்த தொகுதி ரோல்ஸைப் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டிலைதான் அக்கா, நாங்களே செய்தது."

"நீயோ? உண்மையாவோ? எங்கை பழகினனீ?"

இந்த இடத்தில் அவர் என் பக்கம் திரும்புவார் என்று கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. ரோல்ஸை விழுங்கினார். அந்த அறையில் அப்போது ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பேசாமல் இருக்க அவரால் ஏலாது.

"இதிலை பெரிய வித்தை ஒண்டும் இல்லை அக்கா. முதல் சுவரைப் படிக்கோணும். சுவர் என்ன சொல்லுது எண்டு கேக்கோணும்."

என் மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இஸ் ஹீ சீரியஸ்?" என்று கேட்டாள். நான் ரோல்ஸைப் புரட்டிப் போட்டேன். கோபத்தைவிட, இன்னும் எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்கும் ஆசைதான் எனக்குக் கூட இருந்தது. அவர் நல்ல தூரம் போனார். மட்டம் பார்ப்பது, இடைவெளி விடுவது, ஓரம் வெட்டுவது எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். வேலை நடந்தபோது நான் எனக்குள்ளே முணுமுணுத்த சொற்களையெல்லாம் மனுஷன் எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருக்கிறார்.

கூட்டத்துக்குள் நின்ற மச்சாளின் புருஷன் என் கணவரின் தோளில் கையைப் போட்டார். கணவருக்கு அத்தானான அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர்.

"அப்ப எங்கடை மேல் பாத்ரூமையும் ஒருக்கால் செய்து தாவன். குளிக்கிற தொட்டிக்கு மேலை மூண்டு வரிசை ரைல்ஸ் கழண்டு விழுந்திட்டுது. வாற சனிக்கிழமை வாவன்."

கணவரின் முகத்தில் ஒலிவாங்கி வேலை செய்யாதபோது வருகிற பார்வை வந்தது.

விருந்தாளிகள் போனபின் அவர் கோப்பைகளைக் கழுவினார். கேட்காமலே கழுவினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும். சனிக்கிழமை நீரும் வருவீர்தானே?"

"நான் என்னத்துக்கு? சுவர் உங்களோடைதானே கதைக்குது."

"அக்காவுக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்திப் போடாதையும்."

நான் ஒத்துக்கொண்டதற்கு அவர் மேல் இரக்கம் ஒரு காரணம். அந்தக் குளியலறையின் மேல் ஆசை இன்னொரு காரணம். ஈரச் சுவரில் ரைல்ஸ் பதிப்பதை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். உதவிக்கு வந்தவள் மாதிரி நான் பக்கத்தில் நிற்பது, மெல்லிய குரலில் சொல்லுவது, அவர் செய்வது என்று முடிவாயிற்று. அந்தக் கிழமை முழுவதும் வேலையால் வந்த கையோடு, வெதுப்புகிற தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ரொட்டிக் குழையலைப் பூசி, சுவரில் சாந்து பூசுகிற, பல் வைத்த அகப்பையைப் பிடிக்க அவரைப் பழக்கினேன். ரொட்டி நன்றாக வந்தது. மனுஷன் வரவில்லை.

சனிக்கிழமை மில்லிக்கனில் காரை விட்டு இறங்கியதும் எங்கள் திட்டம் முடிந்துவிட்டது. மச்சாள் வாசலிலேயே என் கையைப் பிடித்தா.

"ஆம்பிளையள் மேலை வேலையைச் செய்யட்டும். நீர் வாரும், நாங்கள் மத்தியானத்துக்கு இடியப்பம் அவிப்பம்."

"இல்லை மச்சாள், நான் கொஞ்சம் சாமான் எடுத்துக் குடுத்து..."

"அதுக்கு இந்த மனுஷன் நிக்கிறார்தானே."

கணவர் வாளியோடும் சாந்துப் பையோடும் படியேறினார். பாதிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, ஊசி போட உள்ளே கூப்பிடப்பட்ட பிள்ளையின் பார்வை. நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் அவர் கீழே வந்தார். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். கண்கள் என்னிடம் இருந்தன. மச்சாள் எங்களுக்கு நடுவில் நின்று மாவை அரித்துக்கொண்டிருந்தா. அவருக்கு என்ன தெரியவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சாந்தை எவ்வளவு இறுக்கமாகக் குழைப்பது என்பதுதான் அவருக்கு எப்போதும் பிடிபடாத பாடம்.

"மச்சாள், மாவைத் தண்ணியாய் விட்டிடாதேங்கோ" என்றேன் சத்தமாக. "அகப்பையாலை அள்ளித் தலைகீழாய்ப் பிடிச்சால் விழக்கூடாது. அப்பதான் சரி."

கணவரின் முகம் மலர்ந்தது. மச்சாள் அரிதட்டைக் கீழே வைத்தா.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? அப்பிடிக் குழைச்சால் உரலிலை ஆர் பிழியிறது? நான் இடியப்பம் அவிக்கத் தொடங்கி எவ்வளவு காலம்? நல்லாய்க் கொதிச்ச தண்ணி விடோணும். பச்சைத்தண்ணி ஒரு சொட்டும் படக்கூடாது. கொதிக்கக் கொதிக்க விட்டு, கெதிகெதியாய்க் கிண்டோணும்."

கணவர் தலையாட்டினார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைத் தூக்கினார்.

"இதை ஒருக்கால் கொண்டுபோறன் அக்கா."

நான் எழும்புவதற்குள் அவர் மேலே போய்விட்டார். "என்னத்துக்கு இவனுக்குக் கொதிதண்ணி?" என்று மச்சாள் கேட்டா. "தேத்தண்ணி போடவாக்கும்" என்று சொல்லிவிட்டு, நானும் படிப்பக்கம் நழுவப் பார்த்தேன். "வெங்காயம் முடிஞ்சுதோ?" என்ற குரல் என்னைத் திரும்ப உட்கார வைத்தது. ரைல்ஸ் சாந்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் விட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் அது நின்று யோசிக்காது. உடனே இறுகிவிடும்.

மேலே கெதிகெதியாகக் கிண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கிண்டுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை.

முதலில் இறங்கி வந்தது அண்ணைதான். கிண்டுகிற தடியை ஒரு கையில் பிடித்திருந்தார். தடியின் மற்ற முனையில் வாளி முழுவதுமாகத் தொங்கிக்கொண்டு வந்தது. வாளியின் பிடியில் யாருடைய கையும் இல்லை. அதைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, உது உப்பிடித்தான் வாறதோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவருக்குப் பின்னால் என் கணவர் நின்றார். சட்டை, மூக்கு, ஒரு பக்கத்துப் புருவம் எல்லாம் சாந்து. பேசத் தெரிந்த மனிதர், புருவத்துச் சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மச்சாள் வாளியைப் பார்த்தா. விரலால் தட்டிப் பார்த்தா. டங்கென்றது. கேத்தலைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா, கடைசியாக என்னைப் பார்த்தா.

"அகப்பையைத் தலைகீழாய்ப் பிடிச்சால் விழக்கூடாது எண்டது இடியப்பத்துக்கில்லை, என்ன?"

"இல்லை மச்சாள்."

"அப்ப உங்கடை குசினி ரைல்ஸ்?"

"நான்தான் செய்தனான்."

கோபிக்கப் போகிறா என்று நினைத்தேன். மச்சாள் கதிரையை இழுத்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து அண்ணையும் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"எனக்கு அண்டைக்கே ஒரு ஐமிச்சம்" என்றா மச்சாள், மூச்சு வந்தபிறகு. "சுவர் கதைக்குதாம்! சின்னனிலை இவனை அரிக்கன் லாம்பு துடைக்கச் சொன்னால் சிமிலிக் கண்ணாடியை உடைச்சுப்போட்டு, வெளிச்சத்தைப் பற்றிக் கதை சொல்லுவான்."

"நாங்களே செய்தது எண்டுதானே அக்கா சொன்னனான்" என்றார் கணவர். "நான் எண்டு சொல்லேல்லை."

"வாயை மூடு. இஞ்சை வந்து மாவைக் குழை. உனக்குத்தான் கொதிதண்ணி விடத் தெரியுமே."

நான் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மச்சாளும் எழுந்தா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினா. பாவித்தது போகப் பையில் அரைவாசிச் சாந்து மிச்சம் இருந்தது. மீன் கழுவுகிற வாளியில் அதைக் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மச்சாள் கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தா. முதலாவது வரிசை முடிவதற்குள், "நான் ஒண்டு வைச்சுப் பாக்கட்டோ?" என்று கேட்டா. ஒன்று வைத்தா. கொஞ்சம் சரிந்தது. நான் நேராக்கிவிட்டேன். இரண்டாவதை அவவே நேராக்கினா. மூன்றாவது வரிசையில் என்னைத் தொட்டிக்கு வெளியே அனுப்பிவிட்டா.

கீழேயிருந்து இடியப்ப உரலோடு இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டும் சத்தம் வந்தது. "அத்தான், நீங்கள் பிடியுங்கோ, நான் அமத்திறன்" என்று கணவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஏதோ உடைந்தது. நாங்கள் இருவரும் காது கேளாதவர்கள்போல வேலையைச் செய்தோம். சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு வந்தவை இடியப்பம் என்று சொல்லுமளவுக்கு வட்டமாக இல்லை. ஆனால் பசியோடு இருந்தோம், மீன்குழம்பும் நன்றாக இருந்தது. கணவர் ஒவ்வொரு தட்டையும் நீட்டி, இடியப்பம் பிழிவதில் கைமணிக்கட்டின் முக்கியத்துவம் பற்றி விளக்கினார். யாரும் தடுக்கவில்லை.

அந்த ரைல்ஸ்களில் ஒன்றுகூடப் பிறகு விழவில்லை. மேல் வரிசை மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்காவிட்டால், மச்சாள் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "இது நான் வைச்சது" என்று சொல்லுவா.

கதை சொந்தக்காரருக்குள் பரவ ஒரு கிழமை பிடித்தது. பரப்பியவர் என் கணவர்தான். அடுத்த கலியாண வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வாளி தடியோடு வந்த கதையை மண்டபம் முழுவதற்கும் சொன்னார். தன்னை நன்றாகவே நக்கலடித்துச் சொன்னார். நான் இருந்த மேசையைக் கைகாட்டி, "வேலைக்காரி அவ, பேச்சுக்காரன் நான்" என்றார். சனம் கை தட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு தொலைபேசி அடித்து யாராவது குழாய், கதவு, அலுமாரி என்று தொடங்கினால், அவர் மறுபேச்சில்லாமல் என்னிடம் நீட்டிவிடுவார். மச்சாளும் நானும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் திரைச்சீலைக் கம்பி பூட்டப் போனோம். ஒரு அன்ரி வீட்டில் படிக்கட்டுக் கைபிடியைத் திருத்தினோம். மச்சாள் தனக்கென்று சொந்தமாக ஒரு சுத்தியல் வாங்கினா. சிவப்புப் பிடி. அதைச் சேலைகள் வைக்கும் இழுப்பறையில் வைத்திருந்தா.

மாரிகாலத்து ஒரு ஞாயிறு காலை, நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்க, மில்லிக்கனிலிருந்து அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழமைபோல ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் பேசினார்.

"தங்கச்சி, குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலை இருக்கிற சுவர் வேணுமோ வேண்டாமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அதை நல்லாய்ப் பாத்துத்தான் சொல்லோணும் அண்ணை. சில சுவர் மேல்மாடியைத் தாங்கிக்கொண்டு நிக்கும். ஏன் கேக்கிறியள்?"

தொலைபேசிக்குள் ஏதோ பொலபொலவென்று விழுகிற சத்தம் கேட்டது.

"உங்கடை மச்சாள் இடிக்கத் தொடங்கீட்டா" என்றார்.

நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் காலில் போடச் சப்பாத்தைத் தேடினேன். கணவர் ஏற்கனவே குளிருடுப்பைப் போட்டுக்கொண்டு, கார்த் திறப்பைக் கையில் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.