ஐந்து வண்டி மாறிய சைலன்சர்

எண்பதுகள் தொடங்கிய சமயம். புதுச்சேரியில் எங்கள் கூட்டத்திடம் ஆறு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஆறும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பக்கத்துக்கு ஒன்றாகச் சுருட்டு மாதிரி நீளமாக இரண்டு சைலன்சர்கள். வண்டியை உதைத்துக் கிளப்புகிற கம்பியையே முன்னால் மடக்கினால் அதுதான் கியர். ஆறில் ஐந்து ரோட்டில் ஓடின. ஆறாவது, குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், செங்கல் அடுக்கின் மேல், சக்கரம் தரையில் படாமல் நின்றது.

ஓடாத அந்த வண்டிதான் எங்களுக்கு முக்கியம். அது ஒன்றுதான் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. மற்ற ஐந்தையும் நாங்கள் கை வைத்துக் கெடுத்திருந்தோம். கெடுத்தோம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கேட்டிருந்தால் ஆல்டர் செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். ஒருவர் ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார். இன்னொருவர் பழைய கார் விளக்கை முன்னால் மாட்டினார். எல்லாரும் தவறாமல் செய்த வேலை, சைலன்சரின் உள்ளே இருக்கிற துளைக் குழாயை உருவி எறிந்தது. சத்தத்துக்காகத்தான். கடற்கரை ரோட்டில் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்ப வேண்டும்; அதற்கு மேல் ஒரு லட்சியம் எங்களுக்குக் கிடையாது.

ஆறாவது வண்டியின் சொந்தக்காரரைச் சொல்தா வீட்டு அண்ணன் என்போம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அண்ணனும் பிரான்சுக்குப் போக எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். "இந்த வருஷம் கெளம்பிடுவேன்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புகிற ஆளுக்கு வண்டி எதற்கு என்று ஒருநாள் இன்ஜினைப் பிரித்துத் துடைத்தவர், மறுபடி மாட்டவில்லை. ஒவ்வொரு சாமானையும் பிரெஞ்சுப் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி, மேலே பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கிவிட்டார். இடது பக்கத்துக்குப் பிரெஞ்சில் கோஷ். இடப்பக்கத்து சைலன்சரைச் சுற்றிய காகிதத்தில் அதுதான் எழுதியிருந்தது. நாளடைவில் அந்த சைலன்சரையே நாங்கள் கோஷ் என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

கோஷின் வயிற்றில் ஒரு பள்ளம். அண்ணன் வண்டி ஓட்டிய காலத்தில், பெரிய மார்க்கெட் வாசலில் பூசணிக்காய் ஏற்றிவந்த கைவண்டி இடித்ததாம். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. தினமும் பார்த்த பள்ளம் என்பதால் அது எங்கள் கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வாங்கினாலோ விற்றாலோ, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற, போக்குவரத்து ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உறுமுகிற வண்டியோடு அவர் முன்னால் போய் நிற்க முடியாது. அதனால் அதற்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போய் கோஷையும் அதன் வலப்பக்கத்து ஜோடியையும் வாங்கி மாட்டிக்கொள்வோம். காட்டி முடித்ததும் கழற்றி, உள்ளே பிடித்த கரி போக நெருப்பில் சுட்டு, துடைத்துப் பளபளவென்று திருப்பித் தர வேண்டும். அது ஒன்றுதான் அண்ணன் போட்ட நிபந்தனை. ஒரு வருஷத்தில் நாலு வண்டிகள் இப்படிப் பாஸ் ஆயின.

ஐந்தாவது என்னுடையது.

நான் காலேஜில் இரண்டாம் வருஷம் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது சும்மா. நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கார்புரேட்டர் படம். கடலூரில் ஒருவரிடம் பழைய வண்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவை ஒரு மாதம் நச்சரித்து வாங்கினேன். வாங்கிய மூன்றாம் நாளே அண்ணன் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு சைலன்சரின் வால்களையும் ரம்பத்தால் அறுத்துவிட்டேன். உள்குழாயை உருவினால் போதாதா, ஏன் அறுக்கிறாய் என்று கூட்டத்தில் மூத்தவரான மில் ஃபிட்டர் கேட்டார்.

"மத்தவங்களுத விட என்னுது சத்தமா கேக்கணும்ணா."

"கேக்கும்டா. ஒங்கப்பாவுக்கும் கேக்கும்."

கேட்டது. அப்பா பள்ளிக்கூட ஹெட்கிளார்க். அமைதியாகப் பேப்பர் படிப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று நம்புகிறவர். "நீ தெருக்கோடியில திரும்பும்போதே இங்க டம்ளர்ல காப்பி ஆடுதுடா" என்றார். முதல் வாரம் சிரித்துக்கொண்டு சொன்னார். இரண்டாம் வாரம் சிரிக்காமல் சொன்னார். மூன்றாம் வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"புஸ்தகம் இன்னும் கடலூர்க்காரர் பேர்ல இருக்கு. மாசம் முடியறதுக்குள்ள ஒன் பேருக்கு மாத்தி, ஒழுங்கான வண்டியா கொண்டாந்து நிறுத்து. இல்லன்னா விழுப்புரத்துலருந்து ஒருத்தர் கேக்கறாரு. வரச் சொல்லிடுவேன்."

அவர் வரச் சொன்னால் அந்த ஆள் வந்துவிடுவார். அப்பாவின் வாய்ச்சொல் அப்படி.

எனக்குக் கவலையே இல்லை. கோஷ் இருக்கிறதே! ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பூனை மாதிரி சத்தமில்லாத வண்டியில், தலையைப் படிய வாரிக்கொண்டு, வண்டிகளைக் காட்டுகிற மைதானத்துக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், காதில் பென்சில். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பிரேக் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். பிறகு இடப்பக்கம் வந்து குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தார். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

"வண்டி எனக்குப் புதுசு தம்பி," என்றார். "சைலன்சர் பழக்கமான ஆளு."

"சார்?"

"இது இங்க வர்றது அஞ்சாவது தடவ. மொதல்ல ஒரு செவப்பு வண்டியில வந்துச்சு. அப்புறம் கறுப்பு. ஒருதடவ சாம்பல் வாசனையோட வந்துச்சு, முந்தின நாளு நெருப்புல போட்டிருப்பீங்க போல."

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது சார். மார்க்கெட்டாண்ட, பழைய இரும்புக் கடையில..."

"எந்தக் கட?"

நான் மரத்தைப் பார்த்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, அத வுடு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அஞ்சு வண்டியில இதப் பாத்துட்டேன். இதோட சொந்த வண்டிய மட்டும் பாத்ததே இல்ல. அது எங்க?"

"செங்கல் மேல நிக்குது சார்," என்றேன். உண்மை அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இன்னிக்குக் கையெழுத்து கெடையாது. அடுத்த செவ்வாக்கெழம வா. ஒன் வண்டி ஒன் சைலன்சரோட வரணும். இது இதோட வண்டியில வரணும். ரெண்டும் ஓடி வரணும், தள்ளிக்கிட்டு வரக் கூடாது."

"அந்த வண்டிக்கு எதுக்கு சார்? அதுக்குப் புஸ்தகமெல்லாம் சரியா இருக்கே."

"புஸ்தகத்துக்கு இல்ல தம்பி. நான் பாக்கணும்."

அடுத்த செவ்வாய் மாதத்தின் கடைசி நாள். புதன்கிழமை விழுப்புரத்துக்காரர்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஃபிட்டர் ராத்திரி ஷிப்டு முடிந்து அங்கே வந்திருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிட்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"நான் போறவன்டா. இப்ப எதுக்கு இத மாட்டிக்கிட்டு? நாளைக்கே லெட்டர் வந்துச்சுன்னா?"

"வந்தா போப்பா, யாரு வேணாங்கறா," என்றார் ஃபிட்டர். "அதுவரைக்கும் வண்டி செங்கல் மேலயே நின்னா லெட்டர் சீக்கிரமா வந்துடுமா?"

அண்ணன் அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் வண்டி கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கெஞ்சலாமா, கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்.

"அவரு அப்படியா சொன்னாரு? பாக்கணும்னு?"

"ஆமாண்ணா."

"என் வண்டியவா?"

"ஒங்க வண்டியத்தாண்ணா. புஸ்தகத்துக்கு இல்ல, நான் பாக்கணும்னாரு."

அண்ணன் உள்ளே போய் முதல் பொட்டலத்தை எடுத்துவந்து சாக்கின் மேல் வைத்தார்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. கூட்டத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பொட்டலங்களைப் பிரிக்கப் பிரிக்க ஒரு விஷயம் தெரியவந்தது: பாதிப் பொட்டலங்களில் வெறும் காகிதம்தான். நாங்கள் கடனாகக் கொண்டுபோனது சைலன்சர் மட்டுமல்ல. திருப்பித் தருகிற வழக்கம் சைலன்சருக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது.

"ஹேண்டில்பார் காணோமே," என்று தேடினார் ஃபிட்டர்.

"அதுவா," என்றார் அண்ணன், ரொம்பச் சாதாரணமாக. "நீ புடிச்சிக்கிட்டு வந்தியே, அதான்."

ஃபிட்டர் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா ஒன்னுதயா ஓட்டுறேன்? கேக்கறதுக்கு இன்னாப்பா?"

"நான் போறவன்தானே."

ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பு. அவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள், நான் புது ஆள், நான் எதுவும் எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. என் பெட்ரோல் டேங்கின் மூடியைப் பார்த்து அண்ணன் லேசாகத் தலையாட்டினார். வாங்கிய வாரம் என் மூடி ஒழுகுகிறது என்று இங்கிருந்து எடுத்து மாட்டியது. நான் மறந்தே போயிருந்தேன்.

கோஷை எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டியைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் நினைப்பில்லை. எங்களுக்கு அது ஒரு அலமாரி. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் இன்ஜின் பிரேமில் ஏறியது. என் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. வால் அறுந்த சைலன்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிது எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் தன் வண்டிக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துகொண்டிருந்தார். ஒரு புனலைச் செருகி, நிதானமாக ஊற்றினார். அந்தப் புனலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் அகலம், முனை குறுகல், குரோமியம் பளபளப்பு.

"அண்ணா... அந்தப் புனலு?"

"ஒன் சைலன்சரு வாலுதான். அறுத்துப் போட்டுட்டுப் போயிட்ட. நல்லா ஊத்துது."

"இன்னொண்ணு?"

"எங்க வூட்டு பாத்ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்," என்றார் ஃபிட்டர். "ஒங்கண்ணி குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எடுக்க முடியாது, சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஃபிட்டர் இரண்டு வால்களையும் பற்றவைத்தார். உள்ளே வைக்கப் பழைய குழாய் ஒன்றை இரண்டாக வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார். ஒட்டிய இடத்தில் அரைஞாண் கட்டிய மாதிரி ஒரு வளையம் நின்றுவிட்டது. "எவ்ளோ ராவுனாலும் இது போவாதுடா" என்றார்.

திங்கட்கிழமை காலை அண்ணனின் வண்டியைச் செங்கல்லிலிருந்து இறக்கினோம். உதைத்தார். ஒன்றுமில்லை. ஆறு, ஏழு, எட்டு. "போறவன் காலுல பலமே இல்ல" என்றார் ஃபிட்டர். அடுத்த உதையில் வெள்ளைப் புகை முற்றத்தையே நிறைத்தது. புகைக்குள்ளிருந்து டப் டப் டப் என்று ஒரே சீராக ஒரு சத்தம். கோஷ் தன் சொந்த வண்டியில் எப்படிக் குரல் கொடுக்கும் என்பதை எங்களில் பலர் அன்றுதான் கேட்டோம். அண்ணன் குனிந்து கோஷைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு வண்டிகளும் ஓடியே போயின. பிரேக் இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு நேராக அண்ணனிடம் போனார். குந்தினார். கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார்.

"எதுல இடிச்சது?"

"பூசணிக்காய் வண்டி சார்."

"அதான் பாத்தேன். ஒரு சுத்து சுத்திட்டு வா."

அண்ணன் மைதானத்தைச் சுற்றினார். ஒரு சுற்றுதான் சொன்னது, மூன்று சுற்றினார். இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நின்று தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என் வண்டி. ஒட்டிய வளையத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"ஒன்னுதுதானா?"

"என்னுதுதான் சார். நான்தான் அறுத்தேன்."

"தெரியுது. கோணலா அறுத்திருக்க." காதிலிருந்து பென்சிலை எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இனிமே இதையும் எனக்கு அடையாளம் தெரியும். எவனுக்கும் குடுக்காத."

புத்தகத்தில் என் பெயர் ஏற மத்தியானம் ஆயிற்று. திரும்பும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிவந்தோம். கத்தாமலே பேச முடிந்தது; அது எனக்குப் புதிதாக இருந்தது.

"காலாப்பட்டு வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார் அண்ணன்.

"வூட்டுல புஸ்தகத்தக் காட்டணும்ணா."

"அப்ப நான் மட்டும் போறேன்," என்றார். அந்த மூன்று வருஷத்தில் அவர் போகிறேன் என்று சொன்ன உடனே போனது அன்று ஒருநாள்தான். வடக்கே திரும்பினார், கொஞ்ச நேரம் புகை தெரிந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னடா, நடந்து வர்ற? வண்டியப் புடுங்கிக்கிட்டாங்களா?"

"வாசல்ல நிக்குதுப்பா."

நம்பவில்லை. புத்தகத்தை நீட்டினேன், வாங்காமல் எழுந்து வாசலுக்குப் போனார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்து, ஒட்டிய வளையத்தின் மேல் விரலை வைத்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஓடித்தான் வந்திருக்கு," என்றார், விரலை ஊதிக்கொண்டே.