பன்னிரண்டாவது பார்சல்

மூன்று வாரமாகிறது. பார்த்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

தெரணியகலைப் பக்கம், தேயிலை ஃபேக்டரியோடு ஒட்டிய ஆபீஸ் எங்களுடையது. மொத்தம் பதினோரு பேர். டவுனில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக் கடையிலிருந்து தினமும் மதியம் த்ரீவீலரில் சோற்றுப் பார்சல் வரும். விலை ஏறிக்கொண்டே போனது. மீன் துண்டு சின்னதாகிக்கொண்டே போனது!

"வீட்டிலிருந்தே கொண்டு வருவோமே" என்று முதலில் சொன்னது யார்? நான்தான். விடியற்காலையில் எழுந்து பருப்பு, கத்தரிக்காய், சம்பல்... மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதைப் பார்த்து எனக்கே பெருமை. சும்மா இருப்பேனா? மேசை மேசையாகப் போய்ப் பிரசாரம் செய்தேன். கடைசியில் சிங்களவரான பெரிய கிளாக்கர் குணபால மாத்தயாவும் மனைவியிடம் சொல்லி லஞ்ச் பாக்ஸ் வாங்கிவிட்டார்.

பார்சல் நின்றது.

ஆபீஸைக் கூட்டி, தேத்தண்ணி போட்டுத் தருபவர் புஷ்பம் அக்கா. எங்கள் பாக்ஸ்களைக் கழுவியதும் அவர்தான். யாரும் கழுவச் சொல்லவில்லை. சிங்க்கில் வைத்துவிட்டு வந்தோம் - துடைத்து மேசைக்கு வந்தது. அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கை கழுவப் போனபோது போனை அங்கேயே மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பிப் போனால், அக்கா முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு பாக்ஸைச் சாய்த்து, ஒட்டியிருந்த சோற்றைக் கரண்டியால் வழித்து ஒரு மூடியில் போட்டார். அடுத்த பாக்ஸ். அதற்கடுத்தது என்னுடையது. மூடியில் ஒரு கைப்பிடி சேர்ந்ததும் பிசைந்து வாயில் வைத்தார்.

உள்ளே போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா!"

மூடியை அவசரமாக முந்தானைக்குள் மறைத்தார்.

"ஐயோ மிஸ்... நீங்க போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"என்னக்கா இது? நீங்க சாப்பாடு கொண்டு வர்றதில்லையா?"

"காலையில சுடுற ரொட்டி புள்ளைங்களுக்கே சரியாப் போயிருதுங்க. முந்தி பார்சல் இருந்திச்சு..."

"என்ன பார்சல்?"

"நானா அனுப்புவாரே மிஸ். ஒங்களுக்குப் பதினொன்னு, எனக்கு ஒன்னு." கொஞ்சம் நிறுத்தி, "எச்சி தின்னேன்னு ஆபீஸ்ல சொல்லிறாதீங்க. ஒங்களக் கும்பிடுறேன்" என்றார்.

அன்று பஸ் ஏறுவதற்கு முன் நானாவின் கடைக்குப் போய் அந்தப் பன்னிரண்டாவது பார்சலைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்கு நான் சல்லி எடுக்கிறல்லயே மிஸ்" என்றார். "பதினொன்னு கட்டக்க அந்தப் பொம்புளைக்கும் ஒன்டு கட்டுவேன். நீங்க நிப்பாட்டின பொறகு, ஒரு பார்சலுக்காக வண்டி அனுப்ப ஏலுமா?"

பார்சல் நின்று நான்கு மாதம்! மிச்சம் பிடித்ததைச் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறேன். அதே நான்கு மாதமும் பட்டினி கிடந்தவரிடம்தான் சாப்பிட்ட பாக்ஸைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸில், சிங்க் பக்கம் பார்த்ததை விட்டுவிட்டு, அக்காவுக்கு மதியச் சாப்பாடு இல்லை என்பதை மட்டும் சொன்னேன். குணபால மாத்தயா தலையில் கை வைத்துக்கொண்டார். "அனே... நமக்குத் தெரியல்லையே!" ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அக்காவுக்குப் பார்சல் எடுப்பதாகப் பேச்சு வந்தது.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பிடி வேணாங்க. அரிசி கொண்டாங்க, எல்லாத்துக்கும் நானே இங்க சோறாக்குறேன். கறிய மட்டும் வீட்டுலருந்து எடுத்துட்டு வாங்க. நானும் ஒங்களோட ஒக்காந்து சாப்பிடுறேன்."

இப்போது ஒரே பானையில் பன்னிரண்டு பேருக்குச் சோறு. பாக்ஸை அவரவரே கழுவுகிறோம். சோப்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாள் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். முழுக்கச் சொல்லித்தான் கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

ஆனால் எனக்கு அதிர்ச்சி அக்காவைப் பற்றியது அல்ல. என் மேசை வாசலோரம். வண்டியிலிருந்து பார்சலை இறக்கி எண்ணி வாங்கியதே நான்தான். தினமும் பன்னிரண்டு! அந்த ஒன்று யாருக்கு என்று ஒருநாளாவது கேட்டேனா?

நேற்று அக்கா என் பருப்பை வாயில் வைத்துவிட்டு, "மிஸ், உப்பே இல்லையே" என்றார். மற்றப் பத்துப் பேரும் இதுவரை அதைச் சொன்னதே இல்லை.