இறால் வடை பொரித்த எண்ணெய்

காலையெல்லாம் பாரிஸைச் சுற்றிவிட்டு, நல்ல பசியோடு நானும் கணவர் ரவியும் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு வந்திருக்கிறோம். ரூ காய் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடை. ரவிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அதனால் பருப்பு வடை மட்டும்தான் வாங்குகிறோம். இரண்டாவது வடையைக் கடித்தவர் தொண்டையைத் தடவுகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்குகிறது.

"அக்கா, இதுல இறால் போட்டீங்களா?"

கடைக்கார அக்கா ஓடிவருகிறார். "இல்லைப் பிள்ளை. ஆனா இறால் வடை பொரிச்ச எண்ணெய்தான்... ஐயோ, இவருக்கு மூச்சு இழுக்குது!"

ரவியின் அலர்ஜி ஊசி நாங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலில், பெட்டிக்குள் இருக்கிறது. அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார். பேச்சு வரவில்லை. அக்கா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபடியே எதிரே உள்ள மருந்துக் கடைக்கு ஓடுகிறார். வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தியைக் கையோடு இழுத்துவருகிறார். அவள் பேன்ட்டுக்கு மேலேயே ரவியின் தொடையில் ஊசியைக் குத்துகிறாள்.

கீச்சென்ற சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது.

ஆம்புலன்ஸ்காரர்கள் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறார்கள். ஒன்றும் புரியாமல் நிற்கிறேன். அக்கா ஏப்ரனைக் கழற்றுகிறார்.

"கடை, அக்கா?"

"கடை கிடக்கட்டும். ஏறுங்கோ, நானும் வாறன்."

வண்டிக்குள் ரவியின் ஆக்சிஜன் மாஸ்க்கில் ஆவி படிந்து மறைகிறது. மறையும் ஒவ்வொரு முறையும், அது திரும்பப் படியும்வரை, நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.